ரோமன் காசு ஒரிஜினலான்னு எப்படிப் பாக்கறது, அந்தக் காலத்துல எப்படி அடிச்சாங்க?

கரூர் அமராவதி ஆத்துல கிடைச்சதுன்னு சொல்லி ஒருத்தர் வெள்ளிக்காசு விக்கறாரு, நம்பலாமான்னு கேட்டிருக்கீங்க. காசை எப்படி அடிச்சாங்கன்னு தெரிஞ்சா பாதி பதில் கிடைச்ச மாதிரி, அதனால அங்கருந்தே வர்றேன்.

ரெண்டு அச்சு, வெண்கலம் இல்லன்னா இரும்பு, படத்தையும் எழுத்தையும் கையாலயே தலைகீழா குடைஞ்சிருப்பாங்க. ராஜா தலை இருக்கற அச்சு கீழ பட்டறைக்கல்லுல பதிஞ்சிருக்கும், பின்பக்க அச்சை ஒரு ஆள் கையில பிடிச்சுக்குவாரு, நடுவுல எடை பாத்து வார்த்த வெள்ளி வில்லையை சூடாக்கி வெச்சு சுத்தியலால ஓங்கி ஒரு போடு, அவ்ளோதான். சுத்தி வளையம் எதுவும் கிடையாது, அதனால படம் ஒரு பக்கம் சரிஞ்சிருக்கும், விளிம்பு வெடிச்சிருக்கும், ஒரே அச்சுல அடிச்ச ரெண்டு காசு கூட அச்சு அசலா ஒண்ணா இருக்காது. சில நேரம் அடிச்ச காசு மேல் அச்சுலயே ஒட்டிக்கும், அதை கவனிக்காம அடுத்த வில்லையை அடிச்சா ஒரு பக்கம் ராஜா தலை மேடா, மறுபக்கம் அதே தலை பள்ளமா, கண்ணாடியில பாக்கற மாதிரி திரும்பி விழுந்திருக்கும். அந்த மாதிரி காசுக்கு பழைய காசு சேர்க்கறவங்க மத்தியில தனி மவுசு.

இப்ப போலிக்கு வருவோம். போலி நிறைய மோல்டுல ஊத்தினது. லென்ஸ் வெச்சு விளிம்பைப் பாருங்க, சுத்தி ஒரு கோடு ஓடினாலோ, மேல குட்டி குட்டி காத்துக்குமிழ் குழி இருந்தாலோ, எழுத்து சோப்பு கரைஞ்ச மாதிரி மழுங்கி இருந்தாலோ வாங்காதீங்க. அதே ஆள்கிட்ட வெடிப்பு, கீறல் உட்பட அப்படியே இன்னொரு காசு இருந்தா பேச்சே வேணாம்.

நம்ம ஊர்ல கிடைச்ச ரோமன் வெள்ளிக்காசுல அதிகம் அகஸ்டஸ், டைபீரியஸ்னு ரெண்டு ரோமன் ராஜாக்களோடதுதான். டைபீரியஸ் (ஆட்சி கி.பி. 14 - 37) டெனாரியஸ்ல, அதாவது அவரோட வெள்ளிக்காசுல, தலையில இலைக் கிரீடம், பின்பக்கம் நாற்காலியில உக்காந்த ஒரு அம்மா, ஒரு கையில செங்கோல், இன்னொண்ணுல கிளை, ரெண்டு பக்கமும் 'பான்டிஃப் மாக்ஸிம்'னு (தலைமைக் குருங்கற பட்டம்) எழுத்து. எடை 3.7 கிராம் சுமாருக்கு இருக்கணும், தேய்ஞ்சிருந்தா கொஞ்சம் குறையும். எழுத்துல ஒரு விஷயம் கவனிங்க, அகஸ்டஸ்னு வர்ற இடத்துல 'யூ' இருக்காது, 'வி' தான் போட்டிருப்பாங்க. கி.பி. 64ல நீரோங்கற ரோமன் ராஜா காசோட எடையையும் வெள்ளியையும் குறைச்சுட்டாரு, அதனாலதான் இங்க உள்ள வியாபாரிங்க பழைய காசையே கேட்டாங்கன்னு ஒரு கருத்து உண்டு, எனக்கும் அது சரியாத்தான் படுது.

வெள்ளி உரிஞ்சு உள்ள செம்பு தெரிஞ்சா உடனே தூக்கிப் போட்டுடாதீங்க, செம்பு மேல வெள்ளித்தகடு போத்தி ஏமாத்தற வேலை ரோமன் காலத்துலயே நடந்துச்சு. ராஜா முகத்துல உளியால வெட்டின தழும்பு இருந்தாலும் பயப்பட வேணாம், 1898ல புதுக்கோட்டைப் பக்கம் கிடைச்ச 501 தங்கக்காசுல பெரும்பாலானதுல அந்த வெட்டு இருக்கு.

இன்னொண்ணு, அமராவதி மணல்ல அதிகம் கிடைக்கறது 4, 5ம் நூற்றாண்டு சின்ன செப்புக்காசுங்கதான். ஆத்துலருந்து பளபளன்னு வெள்ளிக்காசு எடுத்தேன்னு ஒருத்தர் சொன்னா எனக்கு மொதல்ல சந்தேகம்தான் வரும். வாங்கிட்டீங்கன்னா புளி, எலுமிச்சை போட்டு தேய்க்காதீங்க ப்ளீஸ், மதிப்பே போயிடும். அப்புறம் 1878 புதையல் சட்டப்படி மண்ணுல கிடைச்ச புதையல் பத்து ரூபா மதிப்புக்கு மேல போனா கண்டெடுத்தவர் மாவட்ட கலெக்டருக்கு சொல்லியாகணும், அதனால உண்மையிலயே ஆத்துல எடுத்ததுன்னா தகவல் குடுத்தாச்சான்னு அவரையே கேளுங்க.