கடல்நீரின் வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் தானாகவே அளக்கும் ஆர்கோ மிதவைக்குப் புரொப்பல்லர் இல்லையென்றால் அது எப்படி மூழ்கி மேலே வருகிறது? பேட்டரி தீர்ந்தால் என்ன ஆகும்?

முதுகலை படித்தபோது வங்கக்கடலில் ஓர் ஆய்வுக் கப்பலில் சில வாரங்கள் இருந்தேன். இந்த மிதவை ஒன்றைக் கடலில் இறக்கும் வேலையில் எனக்கும் பங்கு கிடைத்தது. ஏறத்தாழ 25 கிலோ எடையுள்ள குழாய். உச்சியில் உணரிகளும் ஆன்டெனாவும் இருக்கும். உணரியின் துளைகளை அடைத்திருந்த மூன்று சிறு மூடிகளைக் கழற்றிவிட்டோமா என்று இருமுறை பார்த்த பிறகே, கழுத்திலுள்ள வட்டத் தகட்டின் துளையில் கயிற்றைக் கோத்து இறக்கினோம். மூடியை மறந்தால் திரும்பப் போய்க் கழற்ற வழியில்லை.

புரொப்பல்லர் இல்லை என்பது சரியே. உள்ளே எண்ணெயும் ஒரு பம்பும், அடியில் ரப்பர் பை ஒன்றும் உண்டு. எண்ணெயைப் பைக்குள் தள்ளினால் எடை மாறாமல் பருமன் மட்டும் கூடுவதால், மிதவையின் அடர்த்தி குறைந்து அது மேலே வரும். எண்ணெயை உள்ளே இழுத்துக்கொண்டால் மூழ்கும். இதற்குத் தேவைப்படுவது ஒரு பெரிய டம்ளர் அளவு எண்ணெய்தான். ஆனால் 2000 மீட்டர் ஆழத்தில், வளிமண்டல அழுத்தத்தைப் போல் 200 மடங்கு அழுத்தத்தை எதிர்த்து அதை வெளியே தள்ளவேண்டும் என்பதால், பேட்டரியின் பெரும்பங்கு அங்கேதான் செலவாகிறது.

மிதவை 1000 மீட்டர் ஆழத்தில் ஏறக்குறைய 9 நாள்கள் நீரோட்டத்தின் போக்கில் கிடக்கும். பிறகு 2000 மீட்டருக்கு இறங்கி, அங்கிருந்து மேலேறும் வழியெல்லாம் வெப்பநிலை, உப்புத்தன்மை, அழுத்தம் ஆகியவற்றை அளந்துகொண்டே வரும். கடல்நீருக்குள் ரேடியோ அலை செல்லாது என்பதால், மேற்பரப்புக்கு வந்த பிறகே தன் இடத்தை அறிந்து, தரவுகளைச் செயற்கைக்கோளுக்கு அனுப்பும். தன்னைத் தானே செலுத்திக்கொள்ள இயலாமையைக் குறையாகச் சொல்வார்கள்; நான் அப்படி நினைக்கவில்லை. இரண்டு முறை மேலே வந்த இடங்களுக்கு இடையிலான தூரத்தைக் கொண்டே ஆழ்நீரோட்டத்தின் வேகத்தைக் கணக்கிட முடிகிறது. குறிப்பிட்ட பாதையில் அளக்கவேண்டுமானால், இறக்கையும் சுக்கானும் கொண்ட கிளைடர் தனியே இருக்கிறது. அதுவும் பருமனை மாற்றியே நகர்கிறது.

வங்கக்கடல் இம்மிதவைகளுக்குச் சற்றுக் கடினமான இடம். கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டும் நன்னீரால் வடபகுதியின் மேல்நீர் மிகவும் இலேசாக இருப்பதால், மேற்பரப்பை எட்ட மிதவை கூடுதலாகப் பருக்கவேண்டியிருக்கிறது. அந்த இலேசான நீர் ஒரு மூடிபோல் அமர்ந்து, கீழுள்ள குளிர்நீர் கலப்பதைத் தடுக்கிறது. புயல் கடந்தாலும் மேற்பரப்பு அதிகம் குளிர்வதில்லை, புயலுக்கு வெப்பம் கிடைத்துக்கொண்டே இருக்கிறது. செயற்கைக்கோள் கடலின் மேல்தோலை மட்டுமே பார்க்கும்; அடியில் இருக்கும் வெப்பத்தைச் சொல்ல இந்த மிதவைகள் வேண்டும்.

1999இல் தொடங்கிய ஆர்கோ திட்டம் 2007 நவம்பரில் 3000 மிதவைகளை எட்டியது. பேட்டரி பொதுவாக நான்கைந்து ஆண்டுகள் தாங்கும். அதன் பிறகு பெரும்பாலானவை கடலிலேயே தங்கிவிடுகின்றன. தேடி எடுக்கக் கப்பலை அனுப்பினால் ஒருநாள் செலவே மிதவையின் விலையைத் தாண்டிவிடும். கடலில் இப்படி விட்டுவிடுகிறோமே என்ற உறுத்தல் எனக்கும் உண்டு. சில கரை ஒதுங்கும், சில வலையில் சிக்கும். உங்கள் ஊர்க் கரையில் ஒன்று கிடைத்தால் பிரிக்கவேண்டாம்; உள்ளே இருப்பது பெரும்பாலும் லித்தியம் பேட்டரி. உடலில் ஒட்டியுள்ள எண்ணுக்குத் தகவல் சொன்னால் போதும்.