ஒல்லியாகத்தான் இருக்கிறேன், கொழுப்பு மாத்திரை தேவையா?

கேள்வி: வயது 46, சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கிறேன். ஒல்லியான உடம்பு, புகைப்பழக்கம் இல்லை, சர்க்கரை நோயும் இல்லை. பலதுறை மருந்தகத்தில் பார்த்தபோது எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு 4.2 (mmol/L), இரத்த அழுத்தம் 142/90. அப்பாவுக்கு 51 வயதில் மாரடைப்பு வந்தது. டாக்டர் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அது கல்லீரலைக் கெடுக்கும் என்கிறார்கள். முட்டையை நிறுத்திவிட்டேன். சாப்பாட்டிலேயே குறைத்துப் பார்க்கலாமா?

பதில்: சாப்பாட்டை மாற்றுங்கள், ஆனால் மாத்திரையைத் தள்ளிப்போடாதீர்கள். நீங்கள் எழுதியதில் 4.2 என்ற எண்ணைவிட அப்பாவின் 51 வயதுதான் எனக்குக் கவலை தருகிறது. அப்பா, அண்ணன், தம்பி யாருக்காவது 55 வயதுக்கு முன் மாரடைப்பு வந்திருந்தால் அதைத் தனி ஆபத்தாகவே கணக்கிடுகிறோம். நம் இந்தியச் சமூகத்தில் மாரடைப்பு மற்றவர்களைவிட இளம் வயதிலேயே வருகிறது. ஒல்லி உடம்பு அதற்குக் காப்பு அல்ல.

எல்டிஎல் துகள்கள் இரத்தக்குழாயின் உட்சுவருக்குள் புகுந்து தங்க, அங்கே அழற்சி உண்டாகி, கொழுப்புப் படிவு வருடக்கணக்கில் மெல்ல வளரும். உயர் இரத்த அழுத்தம் அந்தச் சுவரை மேலும் புண்படுத்தும். பெரும்பாலும் வலியே தெரியாது. ஒருநாள் படிவு வெடித்து அதன்மேல் இரத்தம் உறைந்தால் மாரடைப்பு. அதனால் எல்டிஎல் எவ்வளவு என்பது மட்டுமல்ல, எத்தனை வருடம் அப்படியே இருந்தது என்பதும் முக்கியம்.

முட்டையை விட்டதால் பெரிதாக ஒன்றும் குறையாது. நெய், தேங்காய்ப்பால், ஆட்டுக்கறிக் கொழுப்பு, எண்ணெயும் மார்ஜரினும் ஊறிய பரோட்டா இவற்றைத்தான் பாருங்கள். பருப்பு, கொண்டைக்கடலை, ஓட்ஸ் கூடட்டும். காப்பிக் கடையில் தே ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) கேட்பது நல்லதுதான், ஆனால் சீனியைக் குறைத்தால் முக்கியமாக இறங்குவது இரத்தத்தில் உள்ள இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடு, எல்டிஎல் அல்ல. இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் பெரும்பாலோருக்கு 10 முதல் 15 விழுக்காடு வரைதான் குறையும். உங்கள் 4.2 ஏறக்குறைய 3.6 முதல் 3.8 வரையில் நிற்கும். உங்களைப் போன்றவருக்குப் பொதுவாக 2.6-க்குக் கீழே கொண்டுவரப் பார்ப்போம். ஸ்டேட்டின், அளவைப் பொறுத்து, 30 முதல் 50 விழுக்காடு குறைக்கும்.

கல்லீரல் பயம் புரிகிறது. கடுமையான பாதிப்பு மிக அரிது. தொடங்கி 4 முதல் 12 வாரங்களுக்குள் மறுபடி இரத்தம் எடுத்து, எல்டிஎல் எவ்வளவு இறங்கியது என்று பாருங்கள், கல்லீரல் பரிசோதனையும் சேர்த்துக் கேளுங்கள். தசை வலி வந்தால் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், வேறு ஸ்டேட்டினோ குறைந்த அளவோ பலருக்கு ஒத்துப்போகிறது.

சரி, 142/90? ஒரு தடவை அளந்ததை வைத்து முடிவு செய்ய வேண்டாம். காப்பி குடித்து அரை மணி நேரமாவது கழிந்த பிறகு, முதுகு சாய்ந்து 5 நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, காலையும் இரவும் ஒரு வாரம் வீட்டில் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். சராசரி 135/85-ஐத் தாண்டினால் அதற்கும் சிகிச்சை வேண்டும். இப்போதே ஊறுகாய், அப்பளம், கருவாட்டைக் குறைத்துவிடுங்கள்.

அப்புறம், உங்களுக்கு அண்ணன் தம்பி, அக்கா தங்கை இருந்தால் அவர்களையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். 2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி என்ற அரசின் நோய்த்தடுப்புத் திட்டத்தில் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் சேரலாம். உங்கள் உடன்பிறப்புகளுக்கும் அதே அப்பாதானே.