மாட்ஸ்-சி (MOTS-c) என்ற குட்டிப் புரதத்தை ஊசியாகப் போட்டால் உடற்பயிற்சி செய்த பலன் கிடைக்குமா?

எலிகளுக்குக் கிடைத்திருக்கிறது, மனிதர்களுக்குக் கிடைக்கும் என்று சொல்ல இப்போதைக்கு ஆதாரம் போதாது.

செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் குட்டி டிஎன்ஏவில் 37 மரபணுக்கள், அவற்றால் உருவாவது 13 புரதங்கள், அவ்வளவுதான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். 2001இல் ஜப்பானியர்கள் அதே டிஎன்ஏவிலிருந்து வரும் ஹியூமனின் என்ற இன்னொரு குட்டிப் புரதத்தைக் கண்டுபிடித்தபோதே அந்தக் கணக்கு ஆட்டம் கண்டது. அப்புறம் 2015இல் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சாங்ஹான் லீ, பின்ஹாஸ் கோஹன் குழுவினர் புரதத்துக்கான குறிப்பு இல்லை என்று கருதப்பட்ட 12எஸ் ஆர்ஆர்என்ஏ மரபணுவுக்குள் ஒளிந்திருந்த, 16 அமினோ அமிலங்களே கொண்ட மாட்ஸ்-சியை அறிவித்தார்கள்.

இது செய்யும் வேலைதான் சுவாரசியம். செல்லில் ஃபோலேட் (ஒரு பி வைட்டமின்) சுழற்சியைத் தடுக்கிறது, அதனால் டிஎன்ஏவின் கட்டுமானப் பொருளான பியூரினின் தயாரிப்பு பாதியில் நின்று ஐக்கார் என்ற இடைப்பொருள் தேங்க, அது உடற்பயிற்சியின்போதும் முடுக்கப்படும் ஏஎம்பிகே நொதியை முடுக்கிவிட, தசை குளுக்கோஸை அதிகமாக இழுத்துக்கொள்கிறது. கொழுப்புத் தீனி தின்ற எலிகள் ஊசி போட்டதும் அவ்வளவாகப் பருக்கவில்லை, இன்சுலின் எதிர்ப்பும் குறைந்தது. 2021இல் வெளியான ஆய்வில் இந்த ஊசி போட்ட கிழட்டு எலிகள்கூட ஓடுபொறியில் கூடுதலாக ஓடின.

சரி, இணையத்தில் விற்கிறார்களே? ‘ஆய்வுக்கு மட்டும்’ என்று ஒட்டி விற்கும் குப்பி மருந்தல்ல, உள்ளே இருப்பதற்கு யாரும் பொறுப்பில்லை. போட்டிகளில் ஓடுபவர் என்றால் இன்னொரு சிக்கல்: உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலில் இதுவும் இருக்கிறது.