இசக்கி கதையைக் கேள்வி கேட்கும் மகளை நீட் பயிற்சிக்கு அனுப்பலாமா?

சேரன்மகாதேவிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பலசரக்குக் கடை நடத்தும் அண்ணாச்சி ஒருவர் மனைவியோடும் மகளோடும் என்னிடம் வந்தார். மகள் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் பிரிவு எடுத்துப் பன்னிரண்டாம் வகுப்பை நன்றாகவே முடித்திருக்கிறாள். நீட் மதிப்பெண்தான் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டுக்கும் எட்டாமல் நிற்கிறது. கன்னடியன் கால் பாசனத்தில் இருக்கும் வயலை ஒத்திக்கு வைத்தாவது பிள்ளையை நாமக்கல்லில் விடுதியோடு ஓராண்டுப் பயிற்சியில் சேர்க்க வேண்டும் என்று சென்னையிலிருக்கும் பெரியப்பா சொல்லியிருக்கிறார். அத்தையோ, அதெல்லாம் வேண்டாம், ஏதாவது கம்ப்யூட்டர் படிப்பில் போட்டுவிட்டால் வெளிநாட்டு மாப்பிள்ளை அமைவான் என்கிறார். மகள் தமிழ் இலக்கியம் படிக்க விரும்புகிறாள். அவர்கள் சம்மதத்துடன், அடையாளங்களை மாற்றி, அவர்களுக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

அண்ணாச்சி, உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் உங்களைச் சமாதானப்படுத்தி அனுப்புவது என் வேலை இல்லை. இரண்டு யோசனைகளையும் நான் ஏற்கவில்லை. பெரியப்பா சொல்லும் ஒதுக்கீடு உண்மையானது. இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அந்தப் படிப்பை விரும்பி, நாலைந்து மதிப்பெண்ணில் தவறவிட்ட பிள்ளையாக இருந்தால் இன்னொரு முறை எழுதட்டும் என்று நானே சொல்லியிருப்பேன். உங்கள் மகளிடம் தனியாகக் கேட்டேன். மருத்துவராக வேண்டும் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. வீட்டில் எழுதச் சொன்னார்கள், எழுதினாள். விருப்பமில்லாத தேர்வுக்காக விளைகிற வயலை ஒத்தி வைக்கக் கூடாது. வைத்தால் திருப்புவதற்கு எத்தனை ஆண்டாகும் என்பது பெரியப்பாவை விட உங்களுக்கே நன்றாகத் தெரியும்.

மதினி கேட்ட கேள்விக்கு வருகிறேன்: “தமிழ் படித்த பிள்ளையை யார் கட்டுவார்கள்?” பெரியப்பாவின் யோசனைக்கு அடியிலும் அத்தையின் யோசனைக்கு அடியிலும் இருப்பது இதே கேள்விதான். டாக்டர் பெண், என்ஜினியர் பெண் என்பதெல்லாம் பல வீடுகளில் வேலையைக் குறித்த பேச்சே இல்லை. நகைப் பட்டியலில் இன்னொரு வரி. பெண் படிக்க வேண்டும், சம்பாதிக்கவும் வேண்டும், ஆனால் எதிர்த்து ஒரு வார்த்தை கேட்கக் கூடாது என்று நாம் எதிர்பார்க்கிறோம். இந்த எதிர்பார்ப்பு எங்கிருந்து வந்தது என்பதைத்தான் உங்கள் மகள் படிக்க நினைக்கிறாள் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

அவள் ஒரு நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். ஊர்க் கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டில் கேட்ட இசக்கி கதையை நினைவிலிருந்து எழுதி வைத்திருக்கிறாள். நகைக்காகக் கொல்லப்பட்ட பெண் பேயாக வந்து பழிவாங்கித் தெய்வமாகும் கதை நம் வட்டாரத்தில் யாருக்கும் புதிதில்லை. கதையின் கீழே அவள், “உயிரோடு இருந்தபோது இவளுக்கு நியாயம் சொல்ல ஊரில் ஒருவர்கூட இல்லையா?” என்று எழுதியிருக்கிறாள். அடுத்த பக்கத்தில் நல்லதங்காள். பஞ்சம் பிழைக்க அண்ணன் வீட்டுக்கு வந்தவள் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்டுத் தானும் விழுகிறாள். வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயில் இருக்கிறது. அந்தக் கதையில் பஞ்சத்தையும், பிறந்த வீட்டுச் சொத்தில் பெண்ணுக்குப் பங்கில்லாத நிலையையும் யாரும் குற்றம் சொல்வதில்லை. பழி முழுவதும் அண்ணன் மனைவி மூளி அலங்காரி என்ற இன்னொரு பெண்ணின் தலையில் விழுகிறது. இதை நான் அவளுக்குச் சொல்லவில்லை, அவள்தான் எனக்குச் சொன்னாள். பதினேழு வயதில் இப்படி வாசிக்கத் தெரிந்த பிள்ளையைப் பயிற்சி மையத்தில் அடைத்து வைப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை.

இது வீட்டில் பொழுது போகாமல் வந்த கேள்வி என்று நினைக்க வேண்டாம். அச்சமும் நாணமும் மடமும் பெண்ணுக்கு உரியவை, பெருமையும் உரனும் ஆணுக்கு உரியவை என்று தொல்காப்பியம் வகுக்கிறது. அதற்கு உரை எழுதியவர்களும், பிற்காலத்தில் பாடநூல் எழுதியவர்களும், வார இதழ்த் தொடர்கதை எழுதியவர்களும் அந்த வரையறையைத் தங்கள் காலத்துக்கு ஏற்ப மாற்றியும் இறுக்கியும் வந்திருக்கிறார்கள். படித்த பெண் கதைத் தொடக்கத்தில் திமிராக வந்து கடைசி அத்தியாயத்தில் அடங்கிய மனைவியாக மாறும் தொடர்கதைகளை மதினியும் படித்திருப்பார்கள். எதிர்த் திசையில் எழுதியவர்களும் உண்டு. திருநெல்வேலியில் படித்து வளர்ந்த புதுமைப்பித்தனின் ‘சாப விமோசனம்’ கதையில், சீதையை இராமன் தீக்குளிக்கச் சொன்னான் என்று கேட்டதும் அகலிகை மறுபடியும் கல்லாகிப் போகிறாள். எழுத்தும் வாழ்க்கையும் ஒரே தடத்தில் போவதும் இல்லை: புதுமைப் பெண்ணைப் பாடிய பாரதிக்கு 1897-இல் திருமணம் நடந்தபோது கடையத்துச் செல்லம்மாவுக்கு வயது ஏழு. சமூகம் கதையை எப்படி உருவாக்குகிறது, கதை திரும்பி வந்து சமூகத்தை எப்படிக் கட்டிப்போடுகிறது என்பதை முறையாக ஆராய ஒரு துறையே இருக்கிறது. அதற்கு மகளிரியல் என்று பெயர். நம் மாவட்டத்துப் பெற்றோர் அதைக் கேள்விப்படுவதே அரிது. தமிழ் என்றால் ஆசிரியர் பயிற்சி, பள்ளி வேலை என்று எல்லாரும் சொல்லும் வழியை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

முதலில் இளங்கலைத் தமிழ். ராணி அண்ணா அரசு மகளிர் கல்லூரி திருநெல்வேலியிலேயே இருக்கிறது. அரசுக் கலைக் கல்லூரிச் சேர்க்கையில் தமிழ்ப் பாடப் பிரிவுக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ் மதிப்பெண்ணை வைத்துத் தனித் தரவரிசை தயாரிக்கிறார்கள். உயிரியல் பிரிவில் படித்தது தடையாகாது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் பட்டம் முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கு வரும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. மூன்று ஆண்டுக்கும் சேர்த்து உங்கள் கையிலிருந்து ஆகும் செலவு, நாமக்கல்லில் கேட்கும் ஓராண்டுத் தொகைக்குப் பக்கத்தில்கூட வராது.

பட்டத்துக்குப் பிறகு இரண்டு கிளைகள் உண்டு. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் தமிழில் முதுகலை படித்து, நாட்டார் கதைகளில் வரும் பெண்களை ஆய்வுப் பொருளாக எடுக்கலாம். அல்லது மகளிரியலிலேயே முதுகலை படிக்கலாம். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலும், கொடைக்கானலில் 1984-இல் தொடங்கிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்திலும் அதற்குத் துறை உண்டு. பிறகு யுஜிசி நெட். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கும் ஆய்வு உதவித்தொகைக்குமாக ஆண்டுக்கு இரு முறை நடக்கும் தேர்வு. இரண்டு தாள், மொத்தம் 150 வினாக்கள், 300 மதிப்பெண். தவறான விடைக்குக் கழிவு இல்லை. தமிழ், மகளிரியல், நாட்டார் இலக்கியம் மூன்றுமே அதில் தனிப் பாடங்கள். இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேர்வானால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும், அடுத்த கட்டத்தில் 42,000 ரூபாயும் கிடைக்கும். விடுதி இல்லாவிட்டால் வீட்டு வாடகைப் படியும் உண்டு. ஐந்து ஆண்டுகள் வரும் இந்தப் பணம் கடன் அல்ல என்பதைப் பெரியப்பாவுக்குச் சொல்லுங்கள்.

மதினி முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, இந்த விதிகள் பெண்ணின் வாழ்க்கையைக் கணக்கில் எடுத்து எழுதப்பட்டிருக்கின்றன என்பதைத்தான். உதவித்தொகைக்கான வயது வரம்பில் பெண்களுக்கு ஐந்து ஆண்டுத் தளர்வு. முனைவர் பட்டத்தை முடிக்கக் கூடுதலாக இரண்டு ஆண்டுகள். ஆய்வுக் காலத்தில் மகப்பேற்றுக்கும் குழந்தை வளர்ப்புக்குமாக 240 நாட்கள் வரை விடுப்பு. திருமணமாகி வேறு ஊருக்குப் போனால் ஆய்வை அங்குள்ள பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது. ஆகவே கல்யாணத்தால் படிப்பு நின்றுவிடும் என்ற பேச்சை மாப்பிள்ளை வீட்டார் எடுத்தால், நிறுத்துவது விதியா அவர்களா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

குறைகளையும் மறைக்கப் போவதில்லை. நெட் எழுதுவோரில் சிறு பகுதியினருக்கே உதவித்தொகை கிடைக்கிறது. கல்லூரிகளில் நிரந்தரப் பணியிடங்கள் நிரப்பப்படுவது மெதுவாகத்தான். கௌரவ விரிவுரையாளர்களாக ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். அதனால்தான் இரண்டாவது கதவு திறந்திருக்கும் மகளிரியலை வற்புறுத்துகிறேன். 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் பாதுகாப்பு அலுவலர்கள் இருக்கிறார்கள். பாதிக்கப்பட்ட பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையங்களும், 181 உதவி எண்ணும், சுய உதவிக் குழுக்களை வளர்த்தெடுத்த மகளிர் மேம்பாட்டு நிறுவனமும், தொண்டு நிறுவனங்களும் இருக்கின்றன. பெண்களின் நிலையைப் படித்துப் புரிந்துகொண்ட, கிராமத்துப் பெண்ணிடம் உட்கார்ந்து பேசத் தெரிந்த ஆட்கள் இங்கெல்லாம் தேவைப்படுகிறார்கள். இவற்றுள் பல ஒப்பந்தப் பணிகள்தான். அறிவிப்புக்கு அறிவிப்பு கேட்கும் தகுதி மாறும், சமூகப் பணி அல்லது சட்டப் படிப்பைக் கேட்கும் இடங்களும் உண்டு. முதுகலையைத் தேர்ந்தெடுக்கும் முன் அந்த அறிவிப்புகளை அவளே படித்துப் பார்க்கட்டும். பட்டம் முடிந்ததும் அரசுப் பணிக்கான டிஎன்பிஎஸ்சி தொகுதித் தேர்வுகளும் எழுதலாம். அவற்றில் தமிழ்த் தகுதித் தாள் இவளுக்குச் சுமையாக இருக்காது.

பாளையங்கோட்டையில் சாராள் தக்கர் பெயரில் பெண்களுக்கான கல்லூரி 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வந்துவிட்டது. அந்தச் சீமையில் இருந்துகொண்டு, பெண்ணுக்கு எந்தப் படிப்பு அடக்கமானது என்று இன்றும் உறவினர் கூட்டம் போட்டு முடிவு செய்வது எனக்கு வியப்பாக இருக்கிறது. பெரியப்பா மீது மரியாதைக் குறைவு வேண்டாம். பயிற்சிக் கட்டணத்தை அவரே கொடுக்க முன்வந்தாலும், பிள்ளைக்கு அதில் விருப்பமில்லை என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அவளைச் சொல்ல வைக்காதீர்கள்.

விண்ணப்பத்தை இந்த வாரமே போட்டுவிடுங்கள். ஆதார், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் போதும். கம்ப்யூட்டர் சென்டரில் பாட விருப்ப வரிசையை அவளே பார்த்து உறுதி செய்யட்டும்; கூடப் போன அண்ணன்மார் அந்த இடத்தில் பாடத்தை மாற்றிப் போட்டுவிட்டதால், ஜூன் மாதத்தில் அழுதுகொண்டு என்னிடம் வந்த பெண் பிள்ளைகள் உண்டு.