மூளையில் 18 மி.மீ. அனியூரிசம், ஆனால் அம்மாவுக்கு வலியே இல்லை: காத்திருக்கலாமா?

காத்திருக்காதீர்கள். இந்த வாரமே ஒரு நரம்பு அறுவை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். வலி இல்லை என்பதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது, அனியூரிசம் பெரும்பாலும் வெடிக்கிறவரைக்கும் வலிப்பதே இல்லை. அனியூரிசம் என்பது ரத்தக்குழாயின் சுவர் மெலிந்த இடம் பழைய சைக்கிள் டியூப் மாதிரி புடைத்து நிற்பதுதான். அது எவ்வளவு பெரிசு, எந்தக் குழாயில் இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

2003-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பன்னாட்டு ஆய்வின்படி, 13 முதல் 24 மி.மீ. வரை உள்ளவை 5 வருடத்துக்குள் வெடிக்கும் வாய்ப்பு முன்பக்கக் குழாய்களில் 14.5 சதவீதம், பின்பக்கத்தில் 18.4. 25 மி.மீ. தொட்டால் 40, 50 என்று ஏறிவிடும். சின்னதை ஸ்கேன் எடுத்துக் கண்காணித்தால் போதும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள், அது அம்மாவுக்குப் பொருந்தாது.

வெடிப்பது மட்டுமில்லை, பெரிசாக இருந்தால் பக்கத்து நரம்பையும் அழுத்தும். அம்பாசமுத்திரத்தில் எங்க சித்திக்கு அப்படித்தான் ஒரு பக்க இமை இறங்கிவிட்டது. அவள் இமையைப் பிளாஸ்திரி போட்டு நெற்றியோடு ஒட்டிக்கொண்டு பீடி சுற்றினாள். "வலிக்கவே இல்லையே, எதுக்குல ஆஸ்பத்திரி?" என்றாள். கண்மணி விரிந்திருப்பதைப் பார்த்த கண் டாக்டர்தான், இது கண் கோளாறு இல்லை என்று அன்றைக்கே மூளை ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் ஆஞ்சியோ ஸ்கேனுக்கு அனுப்பினார். அம்மாவுக்கு இமை இறங்கினாலோ பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

மண்டையைத் திறந்து புடைப்பின் அடியில் கிளிப் போடலாம், தொடை ரத்தக்குழாய் வழியாகப் போய்ப் புடைப்புக்குள் மெல்லிய கம்பிச்சுருள் (coil) வைக்கலாம், பெரிய அனியூரிசத்துக்கு ரத்த ஓட்டத்தைத் திருப்பிவிடும் ஸ்டென்ட்டும் இருக்கிறது. எல்லாவற்றிலும் ஆபத்து உண்டு, அதனால் "எங்கள் அம்மாவின் வயதுக்கு எது, ஏன்?" என்று தயங்காமல் கேளுங்கள். ஸ்டென்ட் வைத்தால் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நிறுத்தவே கூடாது. சிகிச்சை நடக்கிறவரைக்கும் பிரஷர் மாத்திரை ஒரு வேளைகூடத் தவறக் கூடாது.

திடீரென்று இதுவரை இல்லாத தலைவலி, வாந்தி வந்தால் வெயில் தலைவலி என்று சுக்குப் பத்துப் போட்டுப் படுக்க வைக்காதீர்கள், உடனே 108. வெடித்த முதல் 24 மணி நேரத்தில்தான் மறுபடி கசியும் ஆபத்து அதிகம்.

அப்புறம், டாக்டரைப் பார்க்கப் போகும்போது ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, ஸ்கேன் சிடியையும் எடுத்துப் போங்கள். புடைப்பின் கழுத்து, அதாவது அது குழாயோடு சேரும் இடம், எவ்வளவு அகலம் என்பதை அவர் படத்தில்தான் பார்ப்பார்.