ஒன்பதாம் கேள்வியை எடுத்துவிடலாமா?

கேள்வி: எம்.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க வரும் பெண்களிடம் மனச்சோர்வு எந்த அளவுக்கு இருக்கிறது என்பது என் ஆய்வு. மனச்சோர்வை ஒன்பது கேள்விகளில் அளக்கும் பிஎச்க்யூ-9 கேள்விப்பட்டியலை, ஆய்வேட்டு வேலைகளைச் செய்து தரும் ஒரு டேட்டா சென்டரில் கொடுத்துத் தமிழாக்கம் வாங்கினேன். அதைத் திரும்ப ஆங்கிலமாக்கிச் சரிபார்த்ததாகச் சான்றிதழும் தந்தார்கள். 10 பேரிடம் நானே படித்துக்காட்டிப் பதில் வாங்கினேன்; மூன்றாம் நாள் மறுபடியும் கேட்டேன். இரண்டு முறை வந்த மதிப்பெண்களும் எவ்வளவு ஒட்டிப் போகின்றன என்று காட்டும் ஆர் மதிப்பு 0.92 வந்தது. ஆனால் க்ரான்பாக் ஆல்ஃபா 0.62தான். தற்கொலை எண்ணம் பற்றிய ஒன்பதாம் கேள்வியில் ஒரே ஒருவர்தான் மதிப்பெண் பெற்றிருக்கிறார், அந்தக் கேள்வியை எடுத்துவிட்டால் ஆல்ஃபா 0.74 ஆகிவிடும் என்கிறார் சென்டர்காரர். 0.7க்குக் கீழே இருந்தால் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார் கைடு. எடுத்துவிடலாமா? தமிழாக்கத்தை இணைத்திருக்கிறேன்.

பதில்: எடுக்கக் கூடாது. 0.74 வந்தாலும் கூடாது, 0.94 வந்தாலும் கூடாது.

முதலில் ஆல்ஃபா என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். தேர் வடத்தை ஒன்பது பேர் பிடித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஒரே பக்கம் இழுக்கிறார்களா என்பதைத்தான் ஆல்ஃபா சொல்கிறது. எந்த ஊருக்கு இழுக்கிறார்கள் என்பது அதற்குத் தெரியாது. தேர் நகரவே இல்லை என்றால், அதாவது உங்கள் 10 பேரும் பெரும்பாலான கேள்விகளுக்கு 0, 1 என்றே பதில் சொல்லியிருந்தால், யார் இழுத்தார்கள், யார் சும்மா நின்றார்கள் என்று கண்டுபிடிக்க வழியில்லை. அப்போது ஆல்ஃபா தானாகவே கீழே போகும். க்ரோங்கி, ஸ்பிட்சர், வில்லியம்ஸ் மூவரும் 2001இல் இந்தப் பட்டியலைச் சோதித்தபோது சுமார் 6,000 நோயாளிகளிடம் கேட்டார்கள். ஆல்ஃபா 0.86, 0.89 என்று வந்தது. உங்களிடம் இருப்பதோ 10 பேர். அதில் ஒருவர் அன்றைக்கு வேறு மனநிலையில் வந்திருந்தாலே 0.62 என்பது 0.80 ஆகவும் மாறலாம், 0.40 ஆகவும் மாறலாம். இந்த எண்ணுக்காக நீங்கள் தூக்கம் கெடத் தேவையில்லை. இதை நம்பி ஒரு கேள்வியை வெட்டவும் முடியாது.

0.92 என்ற ஆர் மதிப்பைப் பற்றி நீங்கள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. எனக்கு அதில்தான் கவலை. ஐந்து பெண்கள் முதல்முறை 4, 7, 9, 12, 15 என்று மதிப்பெண் பெறுகிறார்கள். அடுத்த முறை ஒவ்வொருவருக்கும் 3 கூடி 7, 10, 12, 15, 18 ஆகிறது. ஆர் எவ்வளவு வரும்? சரியாக 1. பழுதே இல்லாத எண். ஆனால் 10ஐத் தொட்டால் மேல் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பது வழக்கம். முதல்முறை அப்படி அனுப்பப்படுபவர்கள் இரண்டு பேர், அடுத்த முறை நான்கு பேர். வரிசையும் இடைவெளியும் மாறாமல் இருந்தால் ஆருக்கு அது போதும், ஆள் இடம் மாறியது அதன் கண்ணில் படாது. இதற்கு இன்ட்ராகிளாஸ் கோரிலேஷன் என்று வேறொரு கணக்கு இருக்கிறது. எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் ஆல்ஃபா எடுக்கும் அதே பெட்டிக்குள்தான் அதுவும் கிடக்கிறது. அதில், எண்ணே ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் ‘அப்சல்யூட் அக்ரிமென்ட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘கன்சிஸ்டன்சி’யை விட்டுவைத்தால் பழைய ஏமாற்று வேறு பெயரில் திரும்ப வரும். மேலே சொன்ன ஐந்து பேருக்கு இந்தக் கணக்கில் 0.80 கிடைக்கும். அதுவும் பார்வைக்கு அழகான எண்தான். ஆகவே 10 என்ற கோட்டைத் தாண்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போனவர்கள் எத்தனை பேர் என்று கையாலேயே எண்ணி, அதையும் எழுதுங்கள்.

மூன்றாம் நாளே திரும்பக் கேட்டதும் சரியில்லை. முன்பு சொன்ன பதில் நினைவில் இருக்கும்; சீருடையில் வந்து கேட்கும் பெண்ணிடம் பேச்சை மாற்றிச் சொல்ல யாருக்கும் கூச்சமாக இருக்கும். ஒரு மாதம் கழித்துக் கேட்டால் மனமே மாறியிருக்கும், பழி கேள்விப்பட்டியலின் மேல் விழும். ஏழு முதல் பத்து நாள் இடைவெளி விடுங்கள். இடையில் மனச்சோர்வுக்கு மாத்திரை தொடங்கியவர்களைச் சேர்க்காதீர்கள். குறைந்தது 50 பேர், முடிந்தால் 100 பேர் வேண்டும். கேள்விகளை இரண்டாகப் பிரித்து ஒப்பிடும் பாதிப் பிரிப்பு முறையில் செய்யட்டுமா என்று அடுத்த கடிதம் எழுதிவிடாதீர்கள். ஒன்பது கேள்விகளை எப்படிச் சரிபாதியாக வெட்டுவது?

இனி தமிழாக்கம். படித்தேன். படித்ததும் ஆல்ஃபா 0.62 ஆவது வந்ததே என்று ஆச்சரியப்பட்டேன்.

பதில்களிலிருந்தே கோளாறு தொடங்குகிறது. மூலம் கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிக் கேட்கிறது. பதிலுக்கு 0 முதல் 3 வரை நான்கு படிகள்: அறவே இல்லை, சில நாட்கள், பாதிக்கு மேற்பட்ட நாட்கள், ஏறக்குறைய தினமும். உங்கள் தாளில் இரண்டாவது படி ‘பல நாட்கள்’ என்று இருக்கிறது. அகராதிப்படி அதில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் தமிழ்க் காதுக்குப் ‘பல நாட்கள்’ பெரிதா, ‘பாதிக்கு மேற்பட்ட நாட்கள்’ பெரிதா? பத்துப் பேரைக் கேட்டால் ஐந்து பேராவது ‘பல’தான் பெரிது என்பார்கள். 1 பெற வேண்டியவர் 2 பெறுவார், 2 பெற வேண்டியவர் 1 பெறுவார். இந்தக் குழப்பம் ஒன்பது கேள்விகளிலும் நடக்கும். ‘இந்தப் பதினான்கு நாளில் எத்தனை நாள்?’ என்று விரலை மடக்கிக் கேட்டுப் பாருங்கள், பாதிச் சிக்கல் அங்கேயே தீரும்.

அடுத்தது, கவனம் செலுத்த முடிகிறதா என்ற ஏழாம் கேள்வி. மூலத்தில் செய்தித்தாள் படிப்பதும் தொலைக்காட்சி பார்ப்பதும் எடுத்துக்காட்டுகள். உங்கள் தாளில் செய்தித்தாள் மட்டும் மிஞ்சியிருக்கிறது. படிப்பறிவு இல்லாத ஓர் அம்மாவிடம் ‘செய்தித்தாள் படிப்பதில் சிரமம் உண்டா?’ என்று கேட்டால், ‘எனக்கு எங்கே அம்மா படிக்கத் தெரியும், தினமும் சிரமம்தான்’ என்பார். உடனே 3 விழும். மனச்சோர்வுக்கும் அந்த 3க்கும் என்ன சம்பந்தம்? தூக்கக் கேள்வியும் அப்படியே. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர் இரவில் நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுந்திருப்பார், காலையில் தூங்கவே இல்லை என்பார். அந்தப் பதிலை மாற்ற வேண்டாம், மதிப்பெண்ணைப் போட்டுவிட்டு ஓரத்தில் குறித்து வையுங்கள்.

‘கீழான உணர்வு’ என்று ஒரு சொற்றொடர் இருக்கிறதே, அதை எந்த ஊர்ப் பெண் பேசிக் கேட்டிருக்கிறீர்கள்? மனம் பாரமாக இருக்கிறது என்பார்கள், எதிலும் பிடிப்பில்லை என்பார்கள், வெறுத்துப்போய்விட்டது என்பார்கள். ஆனால் இந்த அசட்டுத் தமிழைத் திரும்ப ஆங்கிலமாக்கினால் மூலத்தில் இருந்த சொல் அச்சுப் பிசகாமல் வந்து நிற்கும். சான்றிதழும் கிடைத்துவிடும். பதற்றத்தையும் மனச்சோர்வையும் அளக்க 1983இல் வந்த எச்ஏடிஎஸ் என்ற கேள்விப்பட்டியலில், பயத்தில் வயிற்றுக்குள் பட்டாம்பூச்சி பறப்பது போன்ற உணர்வு பற்றி ஒரு கேள்வி உண்டு. அதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கித் திரும்ப ஆங்கிலமாக்குங்கள், பட்டாம்பூச்சி பத்திரமாக வீடு திரும்பும். இங்கே வயிற்றைக் கலக்குகிறது என்று சொல்லும் ஆள்தான் புரியாமல் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மோசமான மொழிபெயர்ப்பு எவ்வளவு மோசமோ அவ்வளவு எளிதாகத் தேறிவிடும் தேர்வு இது.

அந்தச் சான்றிதழைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு கல்லூரிக்குத் தேர்வாளராகப் போயிருந்தேன். மேசையில் ஐந்து ஆய்வேடுகள். ஐந்திலும் தமிழாக்கியவர் ஒருவர், திரும்ப ஆங்கிலமாக்கியவர் வேறொருவர். இருவர் கையெழுத்தும் ஒரே கை, ஒரே பேனா. நம்பகத்தன்மை ஐந்திலும் 0.82. தலைப்புகள் மட்டும் வேறு: முதியோர் தனிமை, தாய்ப்பால், மாதவிடாய் வலி. கேட்டால், ‘0.8க்கு மேல் இருந்தால் கேள்வி வராது சார்’ என்றாள் ஒரு மாணவி. அவளைக் கோபித்து என்ன பயன்? எண்ணைக் கேட்பவர்கள் எண்ணை மட்டுமே கேட்கிறார்கள், எப்படி வந்தது என்று கேட்பதில்லை. கேட்காத வரை கடைகளுக்கு வியாபாரம்தான். ‘அனுமதிக் கடிதம் வாங்கித் தருகிறோம்’ என்று பிஎச்க்யூ-9க்குப் பணம் பிடுங்குபவர்களும் இருக்கிறார்கள். இதற்கு யார் அனுமதியும் வேண்டாம், எல்லோரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். தமிழ் வடிவமும் ஏற்கெனவே இருக்கிறது. கடையில் வாங்கிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு அதை எடுங்கள்.

எடுத்த பிறகு உங்கள் 10 பேருக்கு வேலை இருக்கிறது. ஒவ்வொரு கேள்வியையும் படித்துக்காட்டி, ‘இதில் என்ன கேட்கிறார்கள் என்று உங்கள் பேச்சில் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். சொன்னதை அப்படியே எழுதுங்கள். எங்கே தடுமாறுகிறார்கள் என்று அரை நாளில் தெரிந்துவிடும். இன்னொன்று, இது நோயாளி தானே நிரப்ப வேண்டிய தாள். நீங்கள் படித்துக்காட்டினால் உங்கள் குரலும் கருவியின் ஒரு பகுதியாகிவிடுகிறது. ஆய்வேட்டில் அதைச் சொல்லுங்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி படியுங்கள், மாமியாரோ மகனோ பக்கத்தில் இல்லாத இடமாகப் பாருங்கள்.

ஒன்பதாம் கேள்விக்கு வருகிறேன். அந்தக் கேள்வி இல்லாத பிஎச்க்யூ-8 ஒன்று இருக்கிறதே என்று சென்டர்காரர் சொல்லக்கூடும், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். ஆமாம், இருக்கிறது. அமெரிக்காவில் லட்சக்கணக்கானவர்களைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கும் அரசு சுகாதாரக் கணக்கெடுப்பில் அதைப் பயன்படுத்தினார்கள். எங்கோ ஒரு வீட்டில் ஒருவர் ‘ஆம், சாகத் தோன்றுகிறது’ என்றால், மறுமுனையில் பட்டியலைப் படிப்பவரால் உடனே ஒன்றும் செய்ய முடியாது. உதவ முடியாத இடத்தில் கேட்கக் கூடாது என்பதால் விட்டார்கள். கணக்கெடுப்பாளருக்கும் அந்த வீட்டுக்கும் நடுவே நூற்றுக்கணக்கான மைல்கள். உங்களுக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவே ஒரு பெஞ்ச். அடுத்த அறையில் மருத்துவர் இருக்கிறார். எட்டுக் கேள்வி வடிவத்தை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து, ஆய்வு நெறிக்குழுவிடம் சொல்லி, காரணத்தை எழுதிச் செய்வது வேறு. பதில்கள் வந்த பிறகு, ஆல்ஃபா ஏறவில்லை என்று வெட்டுவது வேறு. கைடு கேட்டால் இப்படியே சொல்லுங்கள்.

அந்தக் கேள்வியின் வாசகத்தில் சிக்கல் இருப்பது உண்மைதான். இறந்துவிட்டால் தேவலாம் என்ற நினைப்பையும் தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தையும் ஒரே கேள்வியில் சேர்த்துவிட்டார்கள். ‘கடவுள் எப்போது கூப்பிடுவாரோ’ என்பது நம் பாட்டிமார் வெற்றிலை போட்டுக்கொண்டே சொல்லும் பேச்சு. எனவே யாராவது 1 சொன்னாலும் நிறுத்தி, எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று தனியாகக் கேட்டுவிட வேண்டும். அரிதாகவே ‘ஆம்’ வரும் கேள்வி மற்ற எட்டோடு சேர்ந்து ஏறி இறங்காது. ஆல்ஃபா அதனால் குறைந்தால் குறையட்டும்.

ஆய்வேட்டில் 0.62 என்றே எழுதுங்கள், 10 பேர் என்றும் எழுதுங்கள், பெரிய அளவில் திரும்பச் செய்ததையும் எழுதுங்கள். ‘மனச்சோர்வு இருக்கிறது’ என்று எழுதாமல், ‘10 அல்லது அதற்கு மேல் மதிப்பெண்’ என்று எழுதுங்கள். அந்தக் கோடு ஊருக்கு ஊர் மாறலாம். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வுக்கான எடின்பரோ அளவுகோலின் தமிழ் வடிவத்தை வேலூரில் நேர்காணலோடு ஒப்பிட்டு 2005இல் வெளியிட்டார்கள். பிரிட்டனில் 12க்கும் 13க்கும் நடுவே போட்ட கோடு இங்கே 8க்கும் 9க்கும் நடுவே இறங்கியது. எத்தனை ஆல்ஃபா போட்டாலும் இது தெரிய வராது.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை மூன்று முறை படித்தேன். ஒன்பதாம் கேள்வியில் ஒரே ஒருவர் மதிப்பெண் பெற்றிருக்கிறார் என்கிறீர்கள். அவர் யார், என்ன சொன்னார், அதன் பிறகு யாராவது பேசினார்களா என்று எழுதவில்லை. தாளில் அவருடைய எண் இருக்கும். நாளை காலை அந்த சுகாதார நிலையத்துக்குப் போய், மருத்துவ அலுவலரிடம் சொல்லி, அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுப் பேசுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருப்பார். இரவு நேரமானால் 14416 என்ற மனநல உதவி எண்ணை அந்தப் பெண்ணிடம் எழுதிக் கொடுங்கள், தமிழில் பேசுவார்கள்.