கடல்நீர் மீன்தொட்டியில் லைவ் ராக்கோடு வந்த இறால் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதை என்ன செய்வது?

புதிதாக லைவ் ராக், அதாவது உயிர்கள் குடியிருக்கும் கடற்பாறை, போட்டிருக்கிறீர்கள். விளக்கை அணைத்த பிறகு 'டக், டக்' என்று சத்தம் வருகிறது. பாறை இடுக்கிலிருந்து இறால் மாதிரி ஏதோ ஒன்று எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது. மருந்து ஊற்றிக் கொன்றுவிடலாமா என்பது உங்கள் கேள்வி.

மருந்தை மட்டும் தொடாதீர்கள். இறாலைக் கொல்லும் மருந்துக்கு நத்தை, நண்டு என்ற பேதமெல்லாம் கிடையாது. செம்பு கலந்த மருந்து என்றால் இன்னும் மோசம். பாறையும் மணலும் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் விடும். ஒரே ஒரு இறாலுக்காகத் தொட்டி முழுவதையும் பலி கொடுக்க வேண்டியதில்லை. அதுவும் அந்த இறால் யார் என்றே தெரியாதபோது.

லைவ் ராக்கின் துளைகளுக்குள் ஒரு ஊரே குடியிருக்கும். அதில் வரும் அழையா விருந்தாளிகளில் பெரும்பாலானவை நம் தொட்டிக்கு நன்மை செய்பவைதான். இரவில் கண்ணாடியில் ஒருக்களித்துப் படுத்தபடி வளைந்து வளைந்து ஓடும் சின்ன உயிர்கள் ஆம்ஃபிபாட்கள். மிச்சம் மீதித் தீனியையும் அழுகலையும் தின்று வாழ்பவை. தண்ணீரில் கூட்டமாக நின்று மிதக்கும், கறுப்புக் கண் பெரிதாகத் தெரியும், கண்ணாடி போன்ற உடம்புள்ளவை மைசிட்கள். மீன்களுக்கு அதைவிட நல்ல தீனி இல்லை. இவை இரண்டையும் பார்த்தால் சந்தோஷப்படுங்கள். இவற்றால் சத்தமும் வராது.

சத்தம் எழுப்புவது இரண்டு பேர்: பிஸ்டல் இறால், மாண்டிஸ் இறால். இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். சத்தம் கேட்டதுமே "மாண்டிஸ் வந்துவிட்டது" என்று முடிவுகட்டிப் பாறையை வெளியே தூக்கிப் போடுகிறார்கள். சத்தத்தை வைத்துத் தீர்ப்பு எழுதவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பிஸ்டல் தன் பெரிய கொடுக்கைப் படாரென்று மூடும்போது நீர் பீய்ச்சியடித்து ஒரு குமிழி உண்டாகிறது. அந்தக் குமிழி நொறுங்கும் ஒலிதான் நமக்குக் கேட்பது, கொடுக்குகள் மோதும் ஒலி அல்ல. இதை 2000-இல்தான் ஆய்வாளர்கள் அதிவேகக் கேமராவில் படம் பிடித்து உறுதி செய்தார்கள். தொட்டிக் கண்ணாடியே விரிசல் விட்டுவிட்டதோ என்று பதறும் அளவுக்கு அந்தச் சத்தம் இருக்கும். மாண்டிஸ் நத்தையை அடிக்கும்போதும் கிட்டத்தட்ட அப்படித்தான் கேட்கும்.

ஆகவே கண்ணால் பார்க்க வேண்டும். டார்ச்சின் முன்னால் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டிக்கொள்ளுங்கள், சிவப்பு வெளிச்சத்துக்கு இவை அவ்வளவாக மிரளாது. விளக்கை அணைத்துக் கொஞ்ச நேரம் கழித்து, சத்தம் வந்த துளையின் எதிரே பேசாமல் உட்காருங்கள். பார்க்க வேண்டியது கண்ணும் முன்காலும்.

பிஸ்டலுக்கு இரண்டு கொடுக்குகள், ஒன்று மற்றதைவிட அப்பட்டமாகப் பெரிது. கண்கள் தலையோட்டின் விளிம்புக்குக் கீழே அடங்கியிருக்கும், பார்வை மந்தம். அதனால் நீண்ட உணர்கொம்புகளால் எதையும் தடவித் தடவித்தான் நகரும். மாண்டிஸுக்குக் கண்கள் காம்பின் நுனியில் துருத்திக்கொண்டு நிற்கும். ஒரு கண் உங்களைப் பார்க்கும்போது இன்னொன்று வேறு பக்கம் சுழலும். அந்தப் பார்வையை ஒருமுறை பார்த்தவர்கள் பிறகு குழம்பவே மாட்டார்கள். அதற்குக் கொடுக்குக் கிடையாது. அடிக்கும் கால்களை மோவாய்க்குக் கீழே மடக்கி வைத்திருக்கும். உடம்பு பூரான் போலத் தட்டையாக நீண்டு, அகலமான முள்வாலில் முடியும். உண்மையில் அது இறாலே அல்ல, தனி வரிசையைச் சேர்ந்த உயிர்.

நேரில் சிக்காவிட்டால் தடயம் பேசும். துளை வாசலில் உடைந்த நத்தை ஓட்டுச் சில்லுகள் கிடக்கின்றனவா, ஹெர்மிட் நண்டுகள் ஒவ்வொன்றாகக் குறைகின்றனவா என்று பாருங்கள். அப்படியென்றால் மாண்டிஸ்தான் என்று ஏறக்குறைய நிச்சயமாகச் சொல்வேன். பாறையோடு வரும் மாண்டிஸ்களில் பல, பகலில் வேட்டையாடிவிட்டு இரவில் வளையின் வாயைக் கல்துண்டுகளால் அடைத்துக்கொண்டு உள்ளே கிடக்கும் வகை. மாலையில் திறந்திருந்த துளை இரவில் அடைபட்டிருந்தால் அதுவும் ஒரு அடையாளம். உங்களுக்குச் சத்தம் இரவில்தான் வருகிறது, ஓட்டுச் சில்லு பற்றி நீங்கள் எதுவும் சொல்லவில்லை. என் சந்தேகம் பிஸ்டல் பக்கமே சாய்கிறது.

பிஸ்டல் என்றால் விட்டுவிடுங்கள். அது பாட்டுக்குக் கிடக்கும். எப்போதாவது ஒரு சின்ன நத்தையையோ இறாலையோ பிடிக்கலாம், அவ்வளவுதான். ஆனால் மணலை ஓயாமல் தோண்டும். அதனால் பாறைகள் மணல்மேல் இல்லாமல் தொட்டியின் அடித்தளத்திலேயே உட்கார்ந்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒருநாள் அடுக்கு சரியும். போசிலோபோரா பவளத்தின் கிளைகளுக்குள் ஒரு பிஸ்டல் இறால் இருந்தால் அதை எடுக்கவே கூடாது. பவளத்தைத் தின்ன வரும் முள்கிரீட நட்சத்திர மீனையே கடலில் எதிர்த்து விரட்டும் காவலாளி அது.

அப்புறம், இறால் செத்துக் கிடக்கிறது என்று பதற வேண்டாம். பெரும்பாலும் அது உரித்துப் போட்ட சட்டையாகத்தான் இருக்கும். எடுத்து வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள். கொடுக்கா மடிந்த காலா என்பது அதிலேயே தெளிவாகத் தெரியும்.

மாண்டிஸ் என்று உறுதியானால் வெளியேற்றத்தான் வேண்டும். நத்தை, நண்டு, இறால், சமயத்தில் சின்ன மீன் என்று எதையும் விடாது. கையை விட்டுத் துழாவாதீர்கள். மயில் மாண்டிஸ் என்ற பெரிய வகையின் அடி நொடிக்கு 23 மீட்டர் வேகம்வரை அளக்கப்பட்டிருக்கிறது. பாறையில் வருபவை அதைவிடச் சிறியவை, கண்ணாடியை உடைப்பது மிக அரிது. ஆனால் விரலைக் கிழிக்க அவற்றுக்கும் போதிய பலம் உண்டு.

பாட்டில் கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகி, உள்ளே கணவாய்த் துண்டு வைக்கும் பொறியைப் பலரும் சொல்வார்கள். பிஸ்டல் சில நேரம் விழும், மாண்டிஸை இதில் நம்ப முடியாது. எனக்குப் பிடித்த வழி, அது குடியிருக்கும் கல்லையே வெளியே எடுப்பது. அது உள்ளே இருக்கும்போது துளையை அடையாளம் வைத்துக்கொண்டு, அந்தக் கல்லை மட்டும் எடுத்து, தொட்டித் தண்ணீர் உள்ள வாளிக்கு மேலே பிடியுங்கள். சுவையூட்டாத வெறும் சோடாவை ஊசியில்லாத சிரிஞ்சால் துளைக்குள் பீய்ச்சுங்கள். மூச்சு முட்டி அது வெளியே பாய்ந்து வாளியில் விழும். சோடாவுக்குப் பதிலாக உப்படர்த்தி (ஸ்பெசிஃபிக் கிராவிட்டி) 1.035-க்கு மேல் ஏற்றிய உப்புநீரையும் ஊற்றலாம். கல்லை முழுவதுமாக நன்னீரில் முக்கிவிடாதீர்கள், அதிலுள்ள மற்ற உயிர்களும் செத்துத் தொட்டித் தண்ணீரைக் கெடுத்துவிடும். சோடா பட்ட இடத்தை உப்புநீரால் அலசிவிட்டுக் கல்லைத் திரும்ப வையுங்கள்.

பிடித்ததைக் கடலில் விடக்கூடாது. அது எந்தக் கடலிலிருந்து வந்தது என்பது நமக்குத் தெரியாது, கூடவே எந்த நோயைச் சுமந்திருக்கிறது என்பதும் தெரியாது. ஃபில்டர் ஓடும் சின்னத் தொட்டி ஒன்று, அதில் துளையுள்ள ஒரு கல், கொஞ்சம் கல்துண்டுகள், மேலே மூடி. இவ்வளவு இருந்தால் அங்கே நன்றாக வாழும். இடம் இல்லையென்றால் மாண்டிஸ் வளர்ப்பவர் யாருக்காவது கொடுங்கள், ஆசையோடு வாங்கிக்கொள்வார்கள்.